எழுந்து போன அவை

காலி நாற்காலிகளுக்கு முன்னால் தவில் வாசிப்பது எப்படி இருக்கும் என்று அஞ்சுகத்திடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அடிக்க வருவாள். கையில் கழி வேறு இருக்கும்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. ஒத்திகை நன்றாகத்தான் ஆரம்பித்தது. பதிவிலிருந்து நாதஸ்வரம் வந்தது, அஞ்சுகம் கூடவே வாசித்தாள், கூட்டம் தலையாட்டியது. பிறகு தனி வந்தது. நாதஸ்வரம் ஒதுங்கிக்கொள்ள, தவில் மட்டும் பேசுகிற நேரம் அது. அவள் கை சூடுபிடித்து தாளம் நாலு ஆவர்த்தனம் சுற்றவில்லை, பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அப்புறம் அவர் பக்கத்திலிருந்தவர். அப்புறம் வரிசை வரிசையாக. அவள் முத்தாய்ப்பாகத் தீர்மானம் வைத்து முடித்தபோது அந்தக் கூடத்தில் ஒரு ஈ காக்காய் கிடையாது. வெறும் நாற்காலிகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எழுந்தவர்கள் யாரும் உயிருள்ள மனிதர்கள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருச்சியில் அவள் படித்த நிகழ்த்துகலைப் பல்கலைக்கழகத்தின் நூலகம் புத்தகத்தை இரவல் கொடுப்பதுபோல அவையையும் இரவல் கொடுத்தது. அவை என்றால் கேட்க வருகிற சனம். ஒரு காலத்தில் மண்டபத்து நாற்காலிகளுக்குள் உணரிகளை வைத்து, உட்கார்ந்தவரின் நாடி எப்படித் துடித்தது, மூச்சு எங்கே நின்றது, எப்போது முன்னால் சாய்ந்தார், எப்போது எழுந்தார் என்று எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தார்கள். அந்தப் பதிவுகளைத் தின்று வளர்ந்த கணினி, மாணவர்களுக்கு முன்னால் ஒளியால் ஆன ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து உட்கார வைக்கும். பாடகர்களுக்கு ஒரு அவை, ஆடுகிறவர்களுக்கு ஒன்று, நாடகக்காரர்களுக்கு ஒன்று. தவிலுக்குக் கீழத்தஞ்சைப் பக்கத்து மண்டபங்களின் அவை. வாசிப்பு பிடித்தால் உட்கார்ந்திருப்பார்கள். பிடிக்காவிட்டால் எழுந்துகொள்வார்கள், எழுந்த மறுகணம் ஒளி அணைந்துவிடும்.

விளையாட்டுப் பொருள் என்று நினைக்க வேண்டாம். அந்த அவை போடுகிற இருக்கை மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் கோயில் விழாக்குழுவும் கல்யாண மண்டபமும் ஆளை அழைத்தன. பாதி நாற்காலியைக்கூடக் காலியாகாமல் வைக்கத் தெரியாதவருக்குப் பட்டமும் இல்லை, மேடையும் இல்லை. அஞ்சுகத்துக்கு முன்னால் படித்த தவில் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் போனார்கள். கை வேகத்துக்குப் பேர் போன ஒருத்தன் திருப்பூரில் பனியன் மடித்துக்கொண்டிருந்தான். அஞ்சுகம் தேர்வில் ஏற்கனவே சில முறை தோற்றிருந்தாள். இன்னும் ஒரு தேர்வுக்குத்தான் விதியில் இடம் இருந்தது. அதிலும் கூட்டம் எழுந்துவிட்டால் மன்னார்குடிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

துறைத்தலைவர் கோதண்டபாணிக்கு இதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. அந்த அவைக்கு முன்னால் முதன்முதலாகத் தேர்வு கொடுத்துத் தேறிய தவில்காரர் அவர். அன்றைக்கு ஒரு நாற்காலிகூடக் காலியாகவில்லை. கூடம் நிறைந்திருக்கிற அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து நூலக வாசலிலேயே மாட்டியிருந்தார்கள். அஞ்சுகம் ஒவ்வொரு முறை தோற்றபோதும் அவர் சொன்னது ஒரே வாசகம்தான். உனக்குக் கையில் சூடு ஜாஸ்தி, அடக்கி வாசி.

அன்றைய ஒத்திகை முடிந்த கையோடு, விரலில் மாட்டியிருந்த கூடுகளைக்கூடக் கழற்றாமல், அவள் நூலகத்தின் ஆய்வு உதவி மேசைக்குப் போனாள். அங்கே சகாயராஜ் இருந்தார். அவைகளைப் பராமரிக்கிற நூலகர். அவருக்கு மாணவர்கள் என்றாலே ஆகாது. நாட்டியப் பிள்ளைகள் காபியோடு வருவார்கள், நாடகப் பிள்ளைகள் அழுகையோடு வருவார்கள், தவில் பிள்ளைகள் வந்தால் மேசையில் தாளம் போடுவார்கள். அஞ்சுகம் வந்ததும் வராததுமாக மேசையில் கையை வைத்தாள். கூடுகள் டக்கென்று சத்தம் போட்டன. அவர் கண்ணாடிக்கு மேலாக அந்தக் கையைப் பார்த்தார்.

அவையில் கோளாறு இருக்கிறது என்றாள் அவள். வாசிப்பில் கோளாறு இருக்கிறவர்கள் எல்லாரும் இந்த மேசைக்கு வந்து இதைத்தான் சொல்கிறார்கள் என்றார் அவர். போர்டில் உதவி என்று எழுதியிருக்கிறது, உபதேசம் என்று இல்லை என்றாள். சரி, கேள்வியைச் சொல் என்றார். என் தனியில் எல்லாரும் ஏன் போகிறார்கள் என்று கேட்டாள். அவர் அதை அப்படியே தட்டிவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். இந்தக் கேள்விக்குத் தரவு இல்லை என்று வந்திருந்தது. அவர் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம்கூடத் தெரிந்தது, பாவி மனுஷன்.

"உனக்குக் கேக்கத் தெரியல," என்றார் சகாயராஜ். "நாலு வருஷம் படிச்சும் யாருக்கும் தெரியல. ஏன் போனாங்கன்னு கேட்டா அது எப்படிச் சொல்லும்? அதுகிட்ட இருக்கறது நாற்காலி மட்டும்தான். ஆள் எழுந்தது தெரியும். எழுந்ததுக்கு அப்புறம் நடந்தது எதுவுமே அதுக்குத் தெரியாது."

அஞ்சுகம் திரும்பி நடந்தாள். கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

"அப்ப போனாங்கன்னு யார் சார் சொன்னது?"

சகாயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. அவள் திரும்பி வந்து அதே கேள்வியை இன்னும் கொஞ்சம் மெதுவாகக் கேட்டாள். கடைசியில் மனசில்லாமல்தான் சொன்னார். கணினியைச் செய்து கொடுத்தவர்கள் சென்னைக்காரர்கள். டிசம்பர் சபாக்களில் வளர்ந்தவர்கள். அங்கே மிருதங்கத்துக்குத் தனி விட்டால் பாதிக் கூட்டம் கேன்டீனுக்குப் போய்விடும், போண்டாவும் காபியும் ஆறிப்போகக் கூடாதில்லையா. அதனால் எழுந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம் என்று ஒரு விதி எழுதினார்கள். அதையே எல்லா அவைக்கும் வைத்துவிட்டார்கள்.

"எங்க ஊர் சனத்துக்கு மெட்ராஸ் கேன்டீன் சட்டமா?" என்றாள் அஞ்சுகம்.

"குரலை ஏத்தாத. இது நூலகம்."

அந்த மண்டபங்களில் ஒலிப்பதிவு ஏதாவது இருக்கிறதா, அதைக் கேட்க வேண்டும் என்றாள். இருக்கிறது, மாணவர்களுக்குக் கிடையாது, வந்தவர்கள் சொந்தக் கதை பேசியதெல்லாம் அதில் இருக்கும் என்றார். அவள் போகவில்லை. மேசைக்கு முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் சாப்பாட்டு நேரம் என்று பலகையை வைத்துவிட்டுப் போனார், திரும்பி வந்தபோதும் அவள் அங்கேதான் இருந்தாள். அவருடைய டிபன் டப்பா கனமாகவே இருந்தது. சாப்பிடாமல் திரும்பக் கொண்டுவந்திருந்தார்.

"உன்னை எனக்குப் பிடிக்கல," என்றார். "அதைத் தெரிஞ்சுக்க. ஆனா என் அலமாரியில ஒரு பொருள் தப்பான பேரோட இருக்குதுன்னா எனக்குச் சோறு இறங்காது. கேட்பு அறைக்கு வா. நானும் உக்காருவேன். ஒரு வார்த்தை பேசக் கூடாது."

கேட்பு அறையில் திரைமேல் அந்தப் பழைய மண்டபத்தின் நாற்காலிகள் புள்ளிகளாகத் தெரிந்தன, ஆள் இருந்தால் வெளிச்சம், இல்லாவிட்டால் இருட்டு. காதில் மேடை மைக்கின் ஒலி. யாரோ பேர் தெரியாத ஒரு தவில்காரர் தனியை ஆரம்பித்தார். முதல் புள்ளி அணைந்தது. நாற்காலி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. இன்னொன்று அணைந்தது. தூரத்தில் தாளம் போடுகிற கைகளின் சத்தம் லேசாக இருந்தது, தாளம் தொடங்குகிற சமத்தில் ஒரு தட்டு, பிறகு விரல், பிறகு ஒரு வீச்சு. புள்ளிகள் அணைய அணைய அந்தச் சத்தம் குறைய வேண்டும் அல்லவா. குறையவில்லை. கிட்டே வந்தது. ஒரு பெரியவரின் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆகா என்றார் ஒருவர், மைக்குக்குள்ளேயே சொன்னதுபோல. இன்னொரு குரல் அதட்டியது, தம்பி தலையை நகர்த்து, கை மறைக்குது.

திரை முழுக்க இருட்டாகிவிட்டது. காதில் ஒரு மண்டபமே சேர்ந்து சமத்தில் கை தட்டியது.

அஞ்சுகத்துக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. திருவிழாத் தெருவில் தவில்காரரைச் சுற்றி சனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைச் சின்ன வயதிலிருந்து அவளும் பார்த்திருக்கிறாள். ஆனால் தெருவில் நாற்காலி கிடையாது. அதனால் அதையும் இதையும் சேர்த்து வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. கூட்டம் எழுந்து போனதாக நினைத்துத் தன் கையையே வெறுத்தாளே, அந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது? பனியன் மடிக்கிறவனுக்கு யார் போய் இதைச் சொல்வது?

"மாத்துங்க சார்," என்றாள்.

முடியாது என்றார் சகாயராஜ், ஆனால் இந்த முறை குரலில் பழைய கறார் இல்லை. சத்தம் சாட்சி ஆகாது, அதில் யார் எந்த நாற்காலி என்று தெரியாது. உயிரோடு இருக்கிற ஒரு ஆள் அந்தக் கூடத்தில் நாற்காலியை விட்டு எழுந்து எங்கே போனார் என்று பதிவாக வேண்டும். அப்படி ஒரே ஒரு உதாரணம் கிடைத்தால் போதும், மற்ற நாற்காலிகளுக்குக் கணினி தானே கற்றுக்கொள்ளும். ஆனால் அந்த உதாரணத்தைத் துறைத்தலைவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அது அவருடைய அதிகாரம்.

அஞ்சுகம் நேராகக் கோதண்டபாணியின் அறைக்குப் போனாள். ஆனால் அவளுக்கு முன்னால் சகாயராஜின் குறிப்பு அவர் திரைக்குப் போய்விட்டிருந்தது. அவர் அதைப் படித்து முடித்திருந்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை. அவள் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள், அவர் வெற்றிலைப் பெட்டியை மூடித் திறந்துகொண்டிருந்தார். அவர் ஆச்சரியப்படுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"நான் திருவாரூர்க்காரன்டீ. எங்க சனம் எழுந்து எங்க வரும்னு எனக்குத் தெரியாதா?" கோதண்டபாணி பெட்டியைத் தள்ளி வைத்தார். "மெட்ராஸ்காரன் கம்ப்யூட்டரைக் கொண்டாந்து வச்சான். ஒக்கார வச்சாத்தான் வேலைன்னான். ஒக்கார வச்சேன். அதுவும் ஒரு வித்தைதான். எங்க சூடேறும்னு பார்த்து, அதுக்கு ஒரு அடி முன்னாடி இறக்கிடணும். அதைத்தான் உங்களுக்கு அத்தனை தடவை சொன்னேன். நீங்க யாரும் கேக்கல."

"கேட்டவங்க தேறிட்டாங்க. அவங்க வாசிப்பை யாரு சார் கேக்கறா?"

அவர் எழுந்து நின்றார். மேசையைச் சுற்றி வந்து அவளுக்கு வெகு கிட்டே நின்றுகொண்டு, சத்தத்தைக் கூட்டாமலேயே, கணக்கை மாற்றினால் வாசலில் தொங்குகிற தன் படத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொல், உன் வாயால் சொல் என்றார்.

"ஒருத்தருக்குக்கூட எழுந்துக்கத் தோணலன்னு அர்த்தம்."

அறைந்துவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அறையவில்லை. தேர்வு பழைய விதிப்படியே நடக்கும் என்றார். தேர்வாளராக அவரே வந்து உட்காருவார். சொல்லிக் கொடுத்தபடி அடக்கி வாசித்தால் பட்டத்தை வாங்கிக்கொண்டு போகலாம், அப்புறம் எந்தத் தெருவில் எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள். திமிரைக் காட்டினால் மன்னார்குடிக்கு நிறைய பஸ் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

தேர்வன்று அஞ்சுகம் ஒரு முடிவோடுதான் போனாள். அடக்கி வாசிப்போம். மானம் ரோஷம் எல்லாவற்றையும் கூடத்து வாசலில் செருப்போடு கழற்றி வைப்போம். பட்டம் கைக்கு வந்த பிறகு இவர்களுக்கு எதிராக ஊரெல்லாம் சொல்வோம். பட்டம் இல்லாதவள் சொன்னால் தோற்றவளின் புலம்பல் என்பார்கள், வேறென்ன சொல்வார்கள்? வீட்டில் அம்மா இன்றைக்குச் சாமிக்கு விளக்கேற்றிவிட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது.

கூடம் நிறைந்திருந்தது, எல்லாம் ஒளி ஆட்கள். முன்வரிசையில் முதல் நாற்காலியில் மட்டும் கோதண்டபாணி, சதையும் எலும்புமாக. பின்னால் கண்ணாடி அறைக்குள் சகாயராஜ். நாதஸ்வரம் வந்தது, போனது. தனி ஆரம்பித்தது. அஞ்சுகம் அளவாக வாசித்தாள். எங்கே சூடேறுமோ அதற்கு ஒரு அடி முன்னால் இறக்கினாள். யாரும் எழுந்திருக்கவில்லை. தலைகள் ஒரே அளவில் ஆடின. இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. இவ்வளவு சுலபமா இது? கண்ணை ஓட்டி முதல் நாற்காலியைப் பார்த்தாள்.

கோதண்டபாணி கொட்டாவி விட்டார்.

வாயைக்கூட மறைக்கவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த வாசிப்பை அவர் சொன்னபடியே வாசித்தால், அதற்குக் கொட்டாவி! அஞ்சுகத்துக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பட்டமாவது மண்ணாங்கட்டியாவது. கழியை ஓங்கித் தவிலின் இடந்தலையில் ஒரு போடு போட்டாள், வலது கையின் கூடுகள் வலந்தலையில் பொரிந்தன. தாள நடையை மாற்றினாள். எத்தனையோ நாளாக விரலுக்குள்ளேயே அடைத்து வைத்திருந்த சொற்களை எல்லாம் வெளியே விட்டாள். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார், அணைந்தார். எழுந்துக்குங்க, எல்லாரும் எழுந்துக்குங்க என்று மனசுக்குள் கத்தினாள். வரிசைகள் ஒவ்வொன்றாக இருண்டன.

அப்போது கோதண்டபாணி எழுந்தார். கையை உயர்த்தி நிறுத்து என்று காட்டினார். அவள் நிறுத்தவில்லை. அவர் மேடையை நோக்கி நடந்து வந்தார். வரட்டும், வந்து கழியைப் பிடுங்கட்டும் என்று அவள் இன்னும் வேகமாக வாசித்தாள். மேடையின் விளிம்புக்கு வந்தவர் அங்கே நின்றார். கழியைப் பிடுங்கவில்லை. அவள் தனியை முடித்துவைக்கிற கோர்வைக்குள் போனாள், ஒரு தடவை, இன்னொரு தடவை, கடைசித் தடவை. சமத்தில் கொண்டுவந்து இறக்கினாள்.

கூடத்தில் ஒளி ஆள் ஒருவர் மிச்சமில்லை. அஞ்சுகத்துக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொண்டு பார்த்தாள். கோதண்டபாணி அதே இடத்தில் நின்றார். உயர்த்திய கை எப்போதோ கீழே இறங்கித் தொடைமேல் இருந்தது. அதன் விரல்கள் மடங்கியிருந்தன, எண்ணிக்கொண்டு வந்து முடித்த இடத்தில்.

"நிறுத்தத்தான் வந்தேன்," என்றார்.

"நிறுத்தலையே."

ஒலிபெருக்கியில் சகாயராஜின் குரல் வந்தது. வழக்கமான எரிச்சல் குரல்தான். எல்லா நாற்காலியும் காலி என்று முடிவைப் படித்தார். முதல் நாற்காலியும் சேர்த்து. எல்லா நாற்காலியிலும் உணரி உண்டு, தேர்வாளர் நாற்காலிக்கு மட்டும் விலக்கு கிடையாது.

"பதிவுக்காக ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார்," என்றார். "எழுந்தவர் எங்க போனார்?"

கோதண்டபாணி திரும்பித் தன் நாற்காலியைப் பார்த்தார். அது தூரத்தில் இருந்தது. கண்ணாடி அறையைப் பார்த்தார். அஞ்சுகத்தின் பக்கம் திரும்பினார், முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

"கடைசிக் கோர்வையில ஒரு இடத்துல தாளத்துக்கு முந்தி ஓடிட்ட. திருப்பி வாசி."

"போய் ஒக்காருங்க. வாசிக்கறேன்," என்றாள் அஞ்சுகம்.

அவர் போகவில்லை. அவளும் கொஞ்ச நேரம் அவரை முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கழியை எடுத்தாள். அவருக்காக இல்லை, ஓடிவிட்டாய் என்று சொன்னாரே, அதற்காக. கண்ணாடி அறைக்குள் சகாயராஜ் எதையோ தட்டினார். எழுந்தவர் மேடைக்கு வந்தார் என்று வெள்ளோட்டமாக ஒரு வரி, உறுதி செய்யாமல்.

கோர்வை பாதி வந்திருக்கும், மேடையைச் சுற்றி வெளிச்சம் வந்தது. முதலில் ஒருவர், கோதண்டபாணியின் தோளுக்குப் பக்கத்தில். அப்புறம் அவருக்குப் பின்னால் இருவர். அப்புறம் கூட்டம். அணைந்து போன அத்தனை பேரும் மேடை விளிம்பில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள், தாளம் போட்டார்கள், கழுத்தை நீட்டி அவள் விரல்களைப் பார்த்தார்கள். கோதண்டபாணி அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் முன்னால் நெட்டையாக ஒரு ஒளி ஆள் வந்து நின்றான். அவர் இடது பக்கம் சாய்ந்தார். வலது பக்கம் சாய்ந்தார். பொறுக்க முடியாமல் அவன் தோளில் கையை வைத்தார், கை காற்றில் போயிற்று.

"யோவ், தலையை நகர்த்துய்யா," என்று அதட்டினார். "கை மறைக்குது."

கண்ணாடி அறையில் சகாயராஜ் அந்தக் குரலைப் பதிவில் சேர்த்து, துறைத்தலைவர் ஒப்புதல் என்ற இடத்தில் வைத்தார். அப்புறம் டிபன் டப்பாவைத் திறந்தார்.